நிக்கோடிமஸ்: ஊர் எங்கே? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில், கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் இருக்கிறேன். சென்ற மாதம் குடும்பத்தோடு டென்வர் கிளம்பினோம். எப்போதும் போகும் பெரிய சாலை அலுத்துவிட்டதால் வடக்கே சுற்றி 24ஆம் நெடுஞ்சாலையில் போனோம். இரண்டு பக்கமும் கோதுமை வயலும் புல்வெளியும்தான். ஸ்டாக்டனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 'நிக்கோடிமஸ், தேசிய வரலாற்றுத் தலம்' என்று ஒரு பலகை தெரிந்தது. சரி, கால் நீட்டலாம் என்று இறங்கினோம்.

சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஒரு கூடம், இரண்டு பழைய தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம், சில வீடுகள். ஆள் நடமாட்டமே இல்லை. காற்று மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பத்து வயது மகள் "ஊர் எங்கேப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அடிமைகளாக இருந்தவர்கள் உருவாக்கிய ஊர், இப்போது இருபது பேர்கூட இல்லை என்று உள்ளே தெரிந்துகொண்டேன். பாவமாக இருந்தது. விவசாயம் தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டார்களா? தோற்றுப்போன ஓர் ஊரை அரசாங்கம் ஏன் இவ்வளவு செலவு செய்து பாதுகாக்கிறது? புல்வெளி ஊர்களைப் பற்றி முன்பு நீங்கள் எழுதியிருப்பதால் உங்களிடம் கேட்கிறேன். பெயர் வேண்டாம்.

அன்புடன்,
விச்சிட்டா வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1878 வசந்த காலத்தில் அதே இடத்தில் நின்று ஒரு பெண் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். பெயர் வில்லியானா ஹிக்மன். கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுனிலிருந்து கணவரோடும் பிள்ளைகளோடும் ரயிலேறி, எல்லிஸ் என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போல வண்டியும் நடையுமாக வந்தவர். கூட வந்த குழந்தைகள் சில வழியிலேயே தட்டம்மையில் இறந்துபோயின. கடைசியில் முன்னே போன ஆண்கள் "அதோ நிக்கோடிமஸ்!" என்று கத்தினார்கள். இவர் எட்டி எட்டிப் பார்க்கிறார், ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்கிறார். தரையிலிருந்து எழும் புகையைக் காட்டி, அதுதான் என்கிறார் கணவர். நிலத்தைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள் மக்கள். அந்தக் காட்சி மனதுக்குப் பிடிக்கவில்லை, அழ ஆரம்பித்துவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

அழுதவர் திரும்பிப் போகவில்லை. பல வருஷம் அந்தப் பக்கத்திலேயே குடும்பம் நடத்தினார். மகளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் 'பாவம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இருக்கிறது. நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் அந்த ஊரில் நடந்ததை அது மறைத்துவிடுகிறது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபோது தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிடம் உழைப்பு இருந்தது, நிலம் இல்லை. பழைய எஜமானனின் நிலத்திலேயே விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்து கடனில் கிடந்தார்கள். 1877இல் கூட்டாட்சிப் படைகளும் தெற்கிலிருந்து விலக்கப்பட்டன. பாதுகாப்பு என்று இருந்த கொஞ்சமும் போனது. அதே 1877 ஏப்ரலில் கான்சஸின் கிரஹாம் கவுண்டியில், சாலமன் ஆற்றின் தென்கிளைக்குப் பக்கத்தில், 'நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி' பதிவாகிறது. தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் கறுப்பினத்தவர். கூட்டாளி டபிள்யூ. ஆர். ஹில் வெள்ளையர், நில வியாபாரி. நீங்கள் அடுத்துக் கடந்துபோன ஹில் சிட்டி இந்த ஹில்லின் பெயரில் உள்ளதுதான். கென்டக்கியில் ஊர் ஊராகத் துண்டறிக்கை கொடுத்தார்கள். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, பதிவுக் கட்டணம் கட்டி ஐந்து வருஷம் குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் சொந்தம். சொந்த நிலம் என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த செப்டம்பரில் முந்நூறு பேருக்கு மேல் கிளம்பி வந்தார்கள்.

பெயருக்கு இரண்டு காரணம் சொல்கிறார்கள். அடிமைகளிடையே வழங்கிய ஒரு கதையின் நாயகன் பெயர் என்பது ஒன்று. பைபிளில் வருபவர் என்பது இன்னொன்று. தமிழ் பைபிளில் அவர் நிக்கொதேமு: இரவில் இயேசுவைத் தேடி வந்து, முதியவன் மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்டவர். எனக்குப் பிடித்தது இரண்டாவது காரணம்.

விவசாயம் தெரியாதவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாகச் சணலும் புகையிலையும் சோளமும் விளைவித்தவர்கள் அவர்கள். தெரியாமல் இருந்தது அந்த மண்தான். கென்டக்கியில் மரம் உண்டு, மழை உண்டு. இங்கே வீடு கட்ட மரம் இல்லை, அதனால்தான் குழிவீடு. ஆற்றங்கரை மேட்டைக் குடைந்து, முன்பக்கம் ஒரு கதவு, மேலே கிளைகளையும் புல்வேர் பின்னிய மண்கட்டிகளையும் போட்ட கூரை. விறகும் இல்லை. காய்ந்த சூரியகாந்தித் தண்டையும், புல்வெளியில் பொறுக்கிய காய்ந்த சாணத்தையும் எரித்தார்கள். வறட்டி தட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகையின் வாசனை சொல்லாமலே தெரியும். குதிரை வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் ஆயிரமாயிரம் வருஷப் புல்வேர் இறுகிய அந்தத் தரையை மண்வெட்டியால் கொத்தினார்கள். முதல் வருஷம் விதைக்கும் பருவமும் தாண்டிவிட்டது.

அந்த முதல் குளிர்காலத்தைப் பற்றி ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வது ஒன்று உண்டு. வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடிகள் தங்கள் உணவில் ஒரு பங்கை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஓசேஜ் மக்களே கான்சஸில் இருந்த தங்கள் நிலத்தை இழந்து, சில வருஷங்களுக்கு முன்புதான் தெற்கே தள்ளப்பட்டவர்கள். ஹோம்ஸ்டெட் சட்டம் பங்கிட்டுக் கொடுத்த நிலமெல்லாம் இப்படிப் பழங்குடிகளிடமிருந்து போனதுதான். நிலம் பறிக்கப்பட்டவர்கள், நிலம் தேடி வந்தவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த நாள் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஊர் எழுந்தது. தபால் நிலையம் வந்தது, தங்கும் விடுதி வந்தது. ஸ்மித்தின் மகள் ஜென்னி பிளெட்சர் தன் குழிவீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். அடிமைக்கு எழுத்து கற்பிப்பதைத் தென் மாநிலங்கள் பல குற்றமாக வைத்திருந்த காலத்திலிருந்து ஒரு தலைமுறைகூட ஆகவில்லை. நீங்கள் பார்த்த 1918ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டடத்துக்கு 'ஒன்றாம் எண்' பள்ளி மாவட்டம் என்று பெயர், அதாவது அந்தக் கவுண்டியின் முதல் பள்ளி மாவட்டம். 1880களின் பின்பாதியில் இரண்டு செய்தித்தாள்கள், மளிகைக் கடைகள், தேவாலயங்கள், இலக்கிய மன்றம், வாத்தியக் குழு, பேஸ்பால் அணி எல்லாம் இருந்தன. வெள்ளையர்களும் வந்து கடை வைத்தார்கள். இந்த ஊரில் வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882 தேர்தலில் கான்சஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகை மட்டும் தெரிந்த ஊரிலிருந்து ஐந்தே வருஷத்தில் மாநில அரசுக்கு ஒரு ஆள்.

அப்புறம் ரயில். புல்வெளி ஊர் எதற்கும் தலையெழுத்தை எழுதியது ரயில் கம்பெனிதான். விளைந்த கோதுமையை ஏற்ற வழி இல்லாவிட்டால் கடைக்கு ஆள் வராது, கடை இல்லாவிட்டால் ஊர் நிற்காது. 1887இல் நிக்கோடிமஸ் மக்கள் வாக்களித்து, மிசூரி பசிபிக் கம்பெனி தங்கள் ஊர் வழியாகப் பாதை போட 16,000 டாலருக்குக் கடன்பத்திரம் தர முடிவு செய்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்பு சாணம் பொறுக்கியவர்கள் ஒரு ரயில் கம்பெனிக்குப் பணம் தர முன்வந்தார்கள்! அந்தப் பாதை வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் போட்ட பாதை ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளிப் போனது. அந்தப் பாதையோரம் எழுந்த போக் என்ற ஊருக்குக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடையை மாற்றினார்கள். செய்தித்தாளும் நின்றது.

தோல்வி என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால், போக் ஊரையும் பார்க்க வேண்டும். ரயில் கிடைத்த அந்த ஊரில் இன்று இருநூறு பேர்கூட இல்லை. கிரஹாம் கவுண்டி முழுவதற்குமே 1910இல் எட்டாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 2,415தான். 1930களின் வறட்சியும் புழுதிப் புயலும் ஒரு பகுதி மக்களைத் துரத்தின. மீதியை டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செய்தன. பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழ முடிகிறது. வெள்ளையர் ஊர்களும் அதே சாலையில் அதே மாதிரி காலியாகிக் கிடக்கின்றன. வழியில் எத்தனை மூடிய கடைகளைப் பார்த்திருப்பீர்கள்! அங்கெல்லாம் 'பாவம், விவசாயம் தெரியாதவர்கள்' என்று யாருக்கும் தோன்றுவதில்லையே. நிக்கோடிமஸில் மட்டும் ஏன் தோன்றியது என்று நீங்கள் உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். வருத்தப்பட வைக்கச் சொல்லவில்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

1953இல் தபால் நிலையமும் மூடப்பட்டது. ஆனால் ஒன்று மட்டும் நிற்கவே இல்லை. ஆரம்ப காலத்திலிருந்தே அந்த ஊரில் விடுதலை நாள் கொண்டாடுவார்கள், ஆகஸ்ட் முதல் தேதியை ஒட்டி. பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. (அந்தச் சட்டத்துக்குப் பிறகு தோட்டங்களில் அடிமைகளின் இடத்தை நிரப்பத்தான் நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தத் தேதி நமக்கும் சொந்தம்தான், வேறு விதத்தில்.) ஆற்றோரத் தோப்பில் இறைச்சி சுட்டு, பேஸ்பால் ஆடி, நாள்கணக்கில் கூடியிருப்பார்கள். இன்று அதற்கு 'ஹோம்கமிங்' என்று பெயர். ஜூலை கடைசி வார இறுதி. கோதுமை அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நேரம். டென்வர், டொபீகா, கலிபோர்னியா என்று எங்கெங்கோ பிறந்தவர்கள், அந்த ஊரில் ஒரு இரவுகூடத் தங்கியிராத பேரப்பிள்ளைகள் உட்பட, வந்து சேர்கிறார்கள். குலதெய்வக் கோயிலுக்கு வருஷம் ஒரு முறை போகும் நம் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் மக்கள்தொகையைக் கணக்கெடுப்பவர் இந்த வார இறுதியில் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

அரசாங்கம் ஏன் செலவு செய்கிறது என்றால், அந்த ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டதால். முதல் குடியேறிகளின் வழிவந்த ஆஞ்சலா பேட்ஸ் 1988இல் நிக்கோடிமஸ் வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கி, வீடு வீடாகப் புகைப்படங்களையும் முதியவர்களின் பேச்சையும் சேகரித்தார். 1976இலேயே வரலாற்றுச் சின்னம் என்ற அறிவிப்பு வந்திருந்தாலும், 1996 நவம்பரில்தான் தேசியப் பூங்கா சேவையின் கீழ் தேசிய வரலாற்றுத் தலம் ஆனது. நீங்கள் இறங்கி நின்ற கல் கூடம், 1939இல், பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வேலையற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிவாரண வேலையில் கட்டியது. ஊர்க் கூட்டமும் நடனமும் அங்கேதான் நடக்கும். அதே ஊரில் பிறந்து, 1954இல் அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுத்தபோது நாட்டிலேயே நான்காவது ஆளாக கிரீன் பே பேக்கர்ஸ் அணி தேர்ந்தெடுத்த அமெரிக்கக் கால்பந்து வீரர் வெரில் ஸ்விட்சர், குடும்ப நிலத்தைக் கைவிடாமல் அங்கே கோதுமை விளைவித்தார். 2022இல்தான் காலமானார்.

அடுத்த வருஷம் ஜூலை கடைசி வார இறுதியில் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள். சனிக்கிழமை காலையிலேயே போய்விடுங்கள். வெயில் கடுமையாக இருக்கும், நிழல் குறைவு, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். போன தடவை அப்பாவிடம் கேட்டதை இந்தத் தடவை அங்கே வந்திருக்கும் பாட்டி யாரிடமாவது அவளையே கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்