நாயின் உண்ணிக்கு மாட்டு மருந்தைப் போடலாமா?

கேள்வி: எங்கள் நாயின் மேல் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் ஓயவே இல்லை. மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து தேய்த்தேன். இரண்டே வாரத்தில் மீண்டும் வந்துவிட்டன. அதன் மலத்தில் வெள்ளரி விதை போன்ற வெண்மையான துண்டுகள் ஊர்கின்றன. நாயோடு ஒரு பூனையும் படுக்கிறது. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறாள். மருந்தின் அளவைக் கூட்டிப் பூனைக்கும் சேர்த்துப் போடலாமா?

பதில்: பூனைக்கு அந்த மருந்தை ஒரு சொட்டுக்கூடப் போடாதீர்கள், நாய்க்கும் இத்தோடு நிறுத்திவிடுங்கள். மாடுகளுக்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவையோ அமிட்ராஸோ இருக்கும். பெர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால், நாய் எளிதில் தாங்கும் அளவே பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கி உயிரையும் பறித்துவிடும். மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுப்பதும் அதன் மயிரை நக்குவதும்கூட ஆபத்துதான். பூனை நடுங்கினாலோ, தள்ளாடினாலோ, எச்சில் வடித்தாலோ தாமதிக்காமல் மருந்துப் புட்டியுடன் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியையும் சிலர் நாய்க்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் அடங்கிய அந்த மருந்தைச் சிறிய நாய்க்குக் கண்ணளவில் அளந்து போடுவது பெரும் பிழை. கோலி போன்ற சில இனங்களில் மரபுக் குறை காரணமாக அது மூளைக்குள் புகுந்துவிடும் என்பதால், மற்ற நாய்கள் தாங்கும் அளவே அவற்றுக்கு நஞ்சாகும்.

இனி, ஏன் மீண்டும் வந்தன என்பதைப் பார்ப்போம். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது ஒரு பகுதி மட்டுமே. மற்றவை வீட்டில் இருக்கின்றன. நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறை இரத்தம் குடித்து மூன்று முறையும் கீழே இறங்கிவிடும். கடைசியில் இறங்கும் பெண் உண்ணி, சுவர் வெடிப்பிலோ கதவுச் சட்டத்தின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடியும். தெள்ளுப்பூச்சியோ ஒரு நாளில் 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். அவை மயிரிலிருந்து உதிர்ந்து படுக்கையிலும் தரை விரிசலிலும் புழுவாகிக் கூட்டுக்குள் அடங்குகின்றன. அந்தக் கூட்டை மருந்து எளிதில் எட்டுவதில்லை என்பதோடு, அதற்குள் மாதக்கணக்கில் காத்திருந்து, அருகில் ஒரு விலங்கு நடமாடும் அதிர்வும் வெப்பமும் பட்டவுடன் பூச்சி வெளியே பாயும். எனவே நாய் படுக்கும் துணியை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து, மூலை முடுக்குகளை வெற்றிடத் துடைப்பானால் உறிஞ்சி அல்லது நன்றாகப் பெருக்கி, வந்த குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே அகற்றி, சுவர் வெடிப்புகளைப் பூசி அடையுங்கள். அதே வேளையில் நாய்க்கு ஃபுளூரலானர், அஃபாக்சோலானர் போன்ற மாத்திரையையோ ஃபிப்ரோனில் சொட்டு மருந்தையோ, பூனைக்கு அதற்கென்றே தயாரித்த மருந்தையும் எடை பார்த்து மருத்துவர் தேர்ந்து தரட்டும். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் மாத்திரைக்கு முன் அதைச் சொல்ல மறக்காதீர்கள். ஒரு மாதத்தில் பூச்சி மறைந்துவிட்டாலும் குறைந்தது மூன்று மாதங்கள் இடைவெளியின்றித் தொடர வேண்டும்; பலரும் தோற்பது இந்த இடத்தில்தான்.

மலத்தில் ஊரும் வெள்ளரி விதைகளும் இதோடு தொடர்புடையவையே. அவை நாடாப்புழுவின் துண்டுகள். அரிப்பெடுக்கும் நாய் தன்னைக் கடிக்கும்போது விழுங்கும் தெள்ளுப்பூச்சியின் உடலில்தான் அப்புழுவின் இளநிலை இருக்கிறது. பிராசிகுவான்டெல் மாத்திரை குடலில் உள்ள புழுவைக் கொல்லும். தெள்ளு ஒழியாவிட்டால் சில வாரங்களிலேயே துண்டுகள் மீண்டும் தென்படும். ஆடு, மாடு அறுத்த பச்சைக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் போடாதீர்கள். அவற்றால் நாய்க்கு வரும் வேறொரு நாடாப்புழுவின் முட்டை மனிதரின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியை வளர்க்கும்.

குழந்தைக்காக, நாய், பூனையின் குடலில் வாழும் உருண்டைப் புழுவிலும் கவனம் வையுங்கள். அதன் முட்டை மலத்தோடு வெளிவந்த உடனே தொற்றுவதில்லை. மண்ணில் முதிர இரண்டு வாரமாவது ஆகும். முதிர்ந்த பின் ஆண்டுக்கணக்கில் அழியாது. ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பது எந்த மருந்துக்கும் குறையாத பாதுகாப்பு. வளர்ந்த நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்கம் செய்யுங்கள். நாய்க்குட்டிகள் தாயின் வயிற்றிலேயே இப்புழுவைப் பெற்றுவிடுவதால், அவற்றுக்கு இரண்டாம் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

ஒட்டியிருக்கும் உண்ணியைத் தீயால் சுடாமலும் மண்ணெண்ணெய் தடவாமலும், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். இத்தனை நாள் உண்ணி கடித்த நாய் என்பதால் அடுத்த சில வாரங்கள் அதன் ஈறுகளைப் பார்த்து வாருங்கள். ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள்.