சிங்கிள்ஸ்பீடு எம்டிபி (கியர் இல்லாத மலைச் சைக்கிள்) செயின் சீக்கிரம் தேயாமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: என் சிங்கிள்ஸ்பீடு வண்டியில் 900 கி.மீ. தாண்டுவதற்குள் செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். இரும்பு எப்படி நீளும்? இதில் கியரே கிடையாதே, பிறகு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

பதில்: இரும்பு நீளவில்லை. உள்ளே தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு கண்ணியும் ஒரு ரிவெட்டின் மேல்தான் திரும்புகிறது. உள் தகட்டின் துளையைச் சுற்றி உதடு மாதிரி ஒரு விளிம்பு மடிந்திருக்கும். அந்த விளிம்பு ரிவெட்டில் உராய்கிறது. அந்த இடுக்கில் நுண்மணல் போய்விட்டால், செயின் திரும்பும் ஒவ்வொரு முறையும் அரம் போட்டு ராவுவது போலத்தான். ஒரு கண்ணிக்கு 0.06 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணிக்கும் கூட்டிப் பாருங்கள், 6 மி.மீ. ஆகிவிடும். அதைத்தான் நீண்டுவிட்டது என்கிறார்கள்.

உண்மையில் சிங்கிள்ஸ்பீடு செயின் அதிக நாள் வர வேண்டும். கியர் வண்டியில் டீரெய்லரின் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி) இரண்டு குட்டிச் சக்கரங்களையும் சேர்த்து நாலு இடத்தில் செயின் வளைகிறது. இதில் இரண்டே இடம். பக்கவாட்டு இழுவையும் இல்லை. பாதகமாக இருப்பவை இரண்டு: மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதால் இழுவிசை மிக அதிகம், செயின் குட்டை என்பதால் ஒவ்வொரு கண்ணிக்கும் முறை சீக்கிரம் வருகிறது. ஆனாலும் 900 கி.மீ. ரொம்பக் குறைவு. மணல், செயின்லைன் (முன், பின் பல்சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இருப்பது), டென்ஷன் (செயினின் இறுக்கம்) மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லை. கீழே உள்ள பதில்களில் மூன்றும் வருகின்றன, வரிசையாகச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: தேய்மானத்தை எப்படி அளப்பது? செயின் செக்கர் வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேல் போதும். பெடலை லேசாக அழுத்தி மேல்பக்கச் செயினை விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரிவெட்டின் விளிம்பில் பூஜ்யத்தை வைத்து, அங்கிருந்து 24-வது ரிவெட்டின் அதே பக்க விளிம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். புதுச் செயினில் 304.8 மி.மீ., அதாவது சரியாக 12 அங்குலம். 306.3 என்றால் 0.5 சதவீதம், 307.1 என்றால் 0.75, கிட்டத்தட்ட 307.8 என்றால் 1 சதவீதம்.

சிங்கிள்ஸ்பீடில் 0.75 வரை நிம்மதியாக ஓட்டலாம். அதற்கு மேல் ஓட்டினால் செயின் காசு மிச்சமாகும், பல்சக்கரக் காசு போய்விடும். ரோலர்களை எதிரெதிர்ப் பக்கம் தள்ளி அளக்கும் செக்கர்கள் ரோலரின் ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுவதால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி நல்ல செயினைக் கழற்றிப் போட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, என் ஃபிரேமில் ஸ்லைடிங் டிராப்அவுட் (பின் அச்சை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டும் இடம்). சில வாரத்துக்கு ஒரு முறை சக்கரத்தைப் பின்னால் தள்ள வேண்டியிருக்கிறது. இதுவும் தேய்மானம்தானா?

பதில்: அதேதான் தம்பி. அதையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம், ஸ்கேலே தேவைப்படாது. செயின் மேலும் கீழுமாக இரண்டு வரிசையாக ஓடுவதால், அது 2 மி.மீ. கூடினால் அச்சு 1 மி.மீ. பின்னால் போகும். உன் செயின் 100 கண்ணி என்று வைத்துக்கொள். மொத்த நீளம் 1270 மி.மீ. 0.5 சதவீதம் தேய்ந்தால் 6.35 மி.மீ. கூடும், அச்சு சுமார் 3.2 மி.மீ. நகரும். 0.75 சதவீதத்துக்கு 4.8 மி.மீ.

புதுச் செயின் போட்டு முதல் இரண்டு மூன்று சவாரி முடிந்து அது படிந்த பிறகு, டிராப்அவுட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வை. அங்கிருந்து அச்சு 4 மி.மீ. தாண்டினால் அடுத்த செயினைத் தயாராக வாங்கி வைத்துக்கொள். நடுவில் பல்சக்கரத்தை மாற்றினால் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும், மறந்துவிடாதே.

கேள்வி: ஒவ்வொரு சவாரிக்கு முன்னும் தாராளமாக எண்ணெய் விடுகிறேன். இருந்தும் செயின் கன்னங்கரேலென்று ஆகி, கரகரவென்று சத்தம் போடுகிறது.

பதில்: அந்தத் தாராளம்தான் செயினைத் தின்கிறது. எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் ரிவெட்டின் இடுக்கு. வெளித் தகட்டில் பூசியிருக்கும் எண்ணெயால் துரு பிடிக்காது, அவ்வளவுதான். பதிலுக்குத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயினை விரலால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். கறுப்புப் பசைக்குள் நறநறவென்று மணல் தட்டுப்படும். வால்வு தேய்க்கும் பசைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் செயினைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். கீழ் வரிசையின் மேல்பக்கத்தில், ஒவ்வொரு ரோலர் மீதும் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலை அழுத்திக்கொண்டே பெடலைச் சுற்றுவது கூடாது; நூறு ரோலருக்கும் நூறு சொட்டு, ஒவ்வொன்றாக. ஐந்து நிமிட வேலைதான். தொடங்கிய கண்ணிக்கு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் குழப்பம் வராது. பிறகு பெடலை அரை நிமிடம் பின்னோக்கிச் சுற்றிவிட்டு, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். டிரை லூப் (காய்ந்த தடத்துக்கான செயின் எண்ணெய்) என்று விற்பதில் பெரும்பகுதி கரைப்பான். அது ஆவியாகிப் போக நேரம் வேண்டும். விட்ட கையோடு வண்டியை எடுத்தால் பாதி மருந்து வீண்.

காலையில் சுத்தமான துணியால் செயினை இறுகப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றுங்கள். துணியில் புதிதாகக் கறை படியாத வரை துடைக்க வேண்டும். தொட்டால் கையில் ஒட்டாமல் காய்ந்தது போல் இருப்பதுதான் சரியான செயின். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விலை உயர்ந்த எண்ணெய் வாங்குவதைவிட இதற்குப் பலன் அதிகம்.

கேள்வி: மெழுகு போட்டால் இரண்டு மடங்கு உழைக்கும் என்கிறார்கள். வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: எத்தனை மடங்கு என்று கணக்குச் சொல்ல மாட்டேன். புழுதித் தடத்தில் மெழுகை மிஞ்ச எதுவும் இல்லை, காரணம் அதில் தூசி ஒட்டாது. ஆனால் அடிப்படை சுத்தத்தில் கறாராக இருக்க வேண்டும். புதுச் செயினில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் போட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும்வரை மெழுகு பிடிக்காது. மூடியுள்ள பாட்டிலில் செயினைப் போட்டு, மினரல் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, அழுக்குத் திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். திரவம் தெளிவாக வரும்வரை, பெரும்பாலும் மூன்று முறை. அடுத்து ஆல்கஹாலில் ஒரு அலசல், அது கரைப்பானின் மிச்சத்தை எடுத்துவிடும். பிறகு முழுக்கக் காய வேண்டும்.

பாரஃபின் மெழுகு 500 கிராம் போதும். அடுப்பின் நேரடிச் சூட்டில் வைக்கவே கூடாது, மெழுகின் ஆவி தீப்பிடிக்கும். ஸ்லோ குக்கர், இல்லையென்றால் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்த பாத்திரம். மெழுகு 85 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை வந்ததும், செயினைக் கம்பியில் கோத்து இறக்குங்கள். குளிர்ந்த செயின் பட்டதும் அதைச் சுற்றி மெழுகு வெள்ளையாக உறையும். அது மறுபடி உருகினால்தான் செயினும் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு 10 நிமிடம், நடுநடுவே ஆட்டிவிட வேண்டும். இடுக்கிலிருந்து குமிழி வருவது நிற்கும்வரை எடுக்காதீர்கள். சூட்டை அணைத்து, மெழுகின் மேலே ஏடு படியத் தொடங்கும்போது தூக்கினால் உள்ளே அதிகம் தங்கும்.

ஆறியதும் செயின் குச்சி மாதிரி விறைத்திருக்கும். ஒரு குழாயைச் சுற்றி இழுத்து ஒவ்வொரு கண்ணியின் விறைப்பையும் உடைத்துவிட்டுப் பூட்டுங்கள். காய்ந்த தடத்தில் 200 முதல் 300 கி.மீ.க்கு ஒரு முறை மறுபடியும் முக்கலாம். அப்போது கரைப்பான் வேண்டாம், கொதிநீரில் அலசினாலே பழைய மெழுகும் அழுக்கும் வந்துவிடும். காய வைத்து முக்கினால் போதும். மழையில் நனைந்தால் கதை வேறு. மெழுகுச் செயினை ஈரத்தோடு ஒரு இரவு விட்டால் காலையில் செம்பழுப்பு. தினமும் சேற்றில் ஓட்டுபவர்களுக்கு வெட் லூப் எண்ணெய்தான் என் பரிந்துரை.

கேள்வி: 32:16-ஐ (முன்னால் 32 பல், பின்னால் 16 பல்) 36:18 ஆக மாற்றச் சொல்கிறார் நண்பர். விகிதம் ஒன்றுதானே, செயினுக்கு என்ன லாபம்?

பதில்: நல்ல லாபம், நண்பர் சொல்வதைக் கேளுங்கள். 70 கிலோ ஆள் முழு எடையையும் 175 மி.மீ. கிராங்கில் (பெடல் மாட்டும் கை) இறக்கினால், 32 பல் சக்கரத்தில் செயின் இழுவை சுமார் 190 கிலோ. 36 பல்லில் சுமார் 168. சக்கரத்தின் ஆரம் பெரிதாவதால் இழுவை 11 சதவீதம் குறைகிறது. கண்ணி வளையும் கோணமும் குறைகிறது: பின்னால் 16 பல் என்றால் 22.5 டிகிரி, 18 பல் என்றால் 20. சுமையும் உராயும் தூரமும் சேர்ந்து குறைவதால் தேய்மானம் இறங்குகிறது. இழப்பு என்றால் கொஞ்சம் எடை, கல்லில் மோதாமல் இருக்கத் தேவையான உயரத்தில் ஒரு 8 மி.மீ., அவ்வளவுதான். பெரிய பல்சக்கரம் ஃபிரேமில் இடிக்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப்படைப் பல் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேயும்போது வெளிக் கண்ணிதான் நீள்கிறது, உள் கண்ணி அப்படியே இருக்கிறது. இரட்டைப்படைச் சக்கரத்தில் ஒரு பல்லுக்கு எப்போதும் ஒரே வகைக் கண்ணிதான் வரும், அதற்கேற்பப் பற்களும் ஒன்றுவிட்டு ஒன்று தேயும். கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டால் பொருத்தம் கலைந்து கரகரக்கும். வெளிக் கண்ணி உட்காரும் ஒரு பல்லில் பெயின்ட் புள்ளி வைத்துவிடுங்கள். முன்னும் பின்னும் இரண்டுக்கும் வேண்டும்.

கேள்வி: செயின் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? ஒரு இடத்தில் டைட்டாகவும் இன்னொரு இடத்தில் தொங்கலாகவும் இருக்கிறது.

பதில்: மிக இறுக்கமாக வரும் இடத்தில், கீழ் வரிசையின் நடுவே விரலால் அசைத்தால் மேலும் கீழுமாக மொத்தம் 10 முதல் 12 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங்கும் சேர்ந்து போகும்.

இறுக்கம் மாறுவதற்குக் காரணம் முன் பல்சக்கரம் (செயின்ரிங்) மையத்தில் உட்காராதது. செயின்ரிங் போல்ட்டுகளைக் கால் சுற்று தளர்த்துங்கள், ரிங் ஆட வேண்டாம், தட்டினால் நகர்ந்தால் போதும். கிராங்கை மெதுவாகச் சுற்றி இறுக்கமான இடம் வந்ததும் மேல் செயினின் நடுவில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். மறுபடி சுற்றி, மறுபடி தட்டி, வித்தியாசம் குறைந்ததும் போல்ட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிராங்கில் நேரடியாக மாட்டும் ரிங்குக்கு இந்த வழி கிடையாது.

கேள்வி: செயின்லைன் கண்ணளவில் நேராகத்தான் தெரிகிறது. போதாதா?

பதில்: போதாது. கண்ணுக்கு 3 மி.மீ. தெரியாது, செயினுக்குத் தெரியும். முன்னால், சீட் ட்யூபின் (சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய்) பக்கவாட்டிலிருந்து பல்லின் நடு வரை அளந்து, ட்யூபின் விட்டத்தில் பாதியைக் கூட்டுங்கள். பின்னால், டிராப்அவுட்டின் உள்முகத்திலிருந்து பல்லின் நடு வரை அளந்து, ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) அகலத்தின் பாதியிலிருந்து கழியுங்கள். 148 மி.மீ. ஹப்பில் 22 மி.மீ. வந்தால், 74-ல் 22 போக 52. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். ஃப்ரீஹப்பில் (பின் பல்சக்கரம் ஏறும் உருளை) ஸ்பேசர்களை (இடைவெளி வளையங்கள்) இடம் மாற்றினால் சரியாகிவிடும். உள் தகடுகளின் உட்புறம் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் லைன் விலகியிருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: 1/8 அங்குல அகலச் செயின் 3/32-ஐவிட அதிகம் உழைக்குமா? முழுக்க ஹாஃப் லிங்க் (ஒரு முனை குறுகியும் மறுமுனை அகன்றும் இருக்கும் கண்ணி) செயின் எப்படி?

பதில்: 1/8 செயினில் உராயும் பரப்பு சற்று அதிகம், ஆனால் அகலத்தைவிட எஃகின் தரம் முக்கியம். நல்ல 8 ஸ்பீடு செயின் 3/32 பல்லுக்கு அருமையாக உழைக்கும். 1/8 பல்லுக்கு 3/32 செயின் உட்காராது. முழு ஹாஃப் லிங்க் செயின் வேண்டாம். அதன் வளைந்த தகடுகள் இழுவையில் நிமிர்ந்து நிஜமாகவே நீள்கின்றன. சக்கரம் சரியான இடத்தில் நிற்க ஒரே ஒரு ஹாஃப் லிங்க் சேர்ப்பதில் தவறில்லை, அச்சை 6.35 மி.மீ. நகர்த்தித் தரும்.

கேள்வி: டிகிரீசரில் (எண்ணெய்ப் பசையை எடுக்கும் திரவம்) இரவு முழுக்க ஊற வைத்தேன். இரண்டு சவாரியில் வெளித் தகட்டில் விரிசல். செயின் போலியா சார்?

பதில்: போலி என்று சொல்ல முடியாது. அமிலமோ காரமோ உள்ள திரவத்தில் நேரம் கடந்து ஊறினால், கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். விரிசல் பெரும்பாலும் ரிவெட் துளையிலிருந்துதான் கிளம்பும். அந்தச் செயினை இனி ஓட்டவே கூடாது. நின்று மிதிக்கும்போது அறுந்தால் முழங்காலோ முகமோ அடிபடும். அத்தகைய டிகிரீசரில் சில நிமிடம் போதும், உடனே தண்ணீரில் அலசிக் காய வைக்க வேண்டும்.

கேள்வி: புதுச் செயின் போட்டதும் பின்பக்கம் வழுக்கித் தாண்டுகிறது. பழையதில் இப்படி இல்லை.

பதில்: பழைய செயினும் பல்சக்கரமும் ஒன்றாகத் தேய்ந்து ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. புதுக் கண்ணி அந்தக் கொக்கிப் பல்லில் உட்கார மறுக்கிறது. ஃப்ரீஹப்பில் மாட்டும் தனிச் சக்கரம் என்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், தேயாத முகம் இழுவைக்கு வரும். பல சக்கரங்களுக்கு இது இன்னொரு ஆயுள். திருப்பிய பிறகு செயின்லைனை மறுபடி அளந்துவிடுங்கள். திருகி மாட்டும் ஃப்ரீவீலைத் திருப்ப முடியாது, மாற்றத்தான் வேண்டும். அடுத்து வாங்கும்போது அலுமினியம் வேண்டாம், எஃகு வாங்குங்கள். கூடவே இரண்டு செயின் வாங்கி, 300 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டும் சக்கரமும் ஒரே சீராகத் தேயும், இந்த வழுக்கல் வராது.