வெள்ளைக் குட்டி எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் எமக்குக் கிடைத்த கடிதங்களுள் நான்கு மலைப்பாம்பைப் பற்றியவை. நிறம் மாறிய மலைப்பாம்புகளின் காணொளிகள் கைபேசிகளில் பரவியதே இதற்குக் காரணமாக இருக்கவேண்டும். ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த நான்கிற்கு மட்டும் பதிலளிக்கிறேன்.

கபில நிறத் தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த முட்டையொன்றிலிருந்து சிவந்த கண்ணும் மஞ்சள் கலந்த வெண்ணிற உடலும் கொண்ட குட்டி வெளிவருவதைக் கண்டேன். இது எப்படி நிகழும்? (உயர்தர மாணவி, சுன்னாகம்)

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ‘போல் பைதன்’ (Ball Python) எனப்படும் பந்து மலைப்பாம்பாக இருக்கும். மேற்கு, மத்திய ஆபிரிக்காவைச் சேர்ந்த இச்சிறிய மலைப்பாம்பு, அச்சமுற்றால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அப்பெயரைப் பெற்றது. இவ்வினத்தில் அல்பினோ, அதாவது கருநிறமி அற்ற வெளிறிக் குட்டிகளை முதன்முதலில் வளர்ப்பில் பிறப்பித்தவர் அமெரிக்கரான பொப் கிளார்க், ஆண்டு 1992.

கருநிறமியாகிய மெலனினை உருவாக்கத் தேவையான நொதியத்தின் பரம்பரையலகு விகாரமடைந்தால் கருமை மறைந்துவிடும். மஞ்சள் நிறமி மட்டும் எஞ்சும். இவ்விகாரம் பின்னிடைவானது. ஆகவே தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி கிடைத்தால் மாத்திரமே குட்டி வெளிறியாகப் பிறக்கும். ஒரு பிரதியை மட்டும் பெற்ற பாம்பு, பார்வைக்குக் கபில நிறமாகவே இருந்துகொண்டு, அப்பிரதியை உள்ளே சுமக்கும். உங்கள் பாடநூல் இதனை இதரநுகம் என்கிறது. வளர்ப்போர் சுருக்கமாக ‘ஹெட்’ என்பர். நீங்கள் கண்ட தாயும் தந்தையும் அத்தகையவையே.

ஓர் அல்பினோ ஆணை மட்டும் வைத்திருப்பவர் அதனைச் சாதாரணப் பெண்ணுடன் சேர்த்தால் முதற் தலைமுறையில் ஒரு வெள்ளைக் குட்டியும் கிடைக்காது. பிறக்கும் யாவும் ஹெட். அவற்றுள் ஒரு பெண்ணை ஏறத்தாழ 1,500 கிராம் நிறை வரும்வரை, அதாவது சுமார் மூன்று ஆண்டுகள் வளர்த்து, மீண்டும் தந்தையுடனேயே சேர்த்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் வெளிறியாகும். (தந்தையையும் மகளையும் சேர்ப்பதா என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. பெரும்பாலான அபூர்வ நிறங்கள் இவ்வழியாகவே பெருகின என்பதையும் மறைப்பதற்கில்லை.)

இரண்டு ஹெட்களைச் சேர்க்கும்போது நான்கிலொன்று வெள்ளை என்ற கணக்கைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். நான்கு முட்டையில் ஒன்று நிச்சயம் என்பது அதன் பொருளன்று. ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியே திருவுளச்சீட்டு எடுக்கப்படுகிறது. ஆறு முட்டை இட்டாலும் அவற்றுள் ஒன்றுகூட வெளிறியாக இராமற்போவதற்கு ஏறத்தாழ 18 வீத வாய்ப்பு உண்டு. கபிலமாகப் பிறக்கும் உடன்பிறப்புகளுள் மூன்றில் இரண்டு ஹெட் என்பது கணக்கு. ஆனால் எது எதுவெனக் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஆகையால் அவற்றை ‘66 வீத ஹெட்’ என்று விற்பர். வாங்குபவர் உண்மையில் வாங்குவது ஒரு நிகழ்தகவை.

எல்லா நிறங்களும் இவ்வாறு ஒளிந்திருப்பதில்லை. ‘பஸ்ரெல்’ போன்றவை ஒரு பிரதியிலேயே வெளிப்பட்டு, இரு பிரதியில் மேலும் துலங்கும். ‘மொஹாவே’ எனும் மற்றொரு நிற விகாரம் இரு பிரதியாகும்போது ஏறத்தாழ முழு வெண்மையான, நீலக்கண் பாம்பு கிடைக்கும். அது அல்பினோ அன்று. கண்ணைப் பார்த்தாலே வேறுபாடு புலப்படும்.

அழகான சிலந்திவலைக் கோலம் கொண்ட ஒரு பாம்பு தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறதே, அது நோயா? (கப்பி மீன் வளர்ப்பவர், நல்லூர்)

தொற்றுநோய் அன்று, பிறவிக் குறை. ‘ஸ்பைடர்’ எனப்படும் அவ்வகைப் பாம்பின் உட்காதில் சமநிலை பேணும் உறுப்பு சரிவர அமைவதில்லை. அதனால் தலை நடுங்கும். சில பாம்புகளில் கழுத்து திருகும். இரையைக் கவ்வப் பாயும்போது குறி தவறும். ஒன்றில் குறைவாகவும் மற்றொன்றில் மிகுதியாகவும் இருக்கலாம். கோலத்தைத் தருவதும் காதைக் கெடுப்பதும் அதே விகாரம் ஆகையால், நல்லவற்றைத் தெரிந்தெடுத்துச் சேர்த்து நடுக்கத்தை நீக்கிவிடலாம் என்று சில வளர்ப்போர் நீண்டகாலம் கூறிவந்தது வெறும் ஆறுதலே. இரு பிரதியுடைய ஸ்பைடர் உயிருடன் பிறந்ததாக உறுதிப்படுத்தப்பட்டதில்லை. முட்டைக்குள்ளேயே இறந்துவிடுவதாகக் கருதப்படுகிறது.

‘சம்பெய்ன்’ வகையிலும் இந்நடுக்கம் உண்டு. ‘டெசேர்ட்’ வகைப் பெண் பாம்புகள் முட்டையிட முடியாமல் அவதிப்படுகின்றன. ‘கரமெல்’ அல்பினோக்களில் முதுகெலும்பு மடிந்து பிறப்பவை காணப்படுகின்றன. நிறம் ஒரு குற்றமும் செய்யவில்லை. குறையை அறிந்தபின்னரும் விலைக்காக அதனைப் பெருக்குவதே என் பார்வையில் தவறு. மீன் வளர்ப்பவராகிய உங்களுக்கு, கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்க நீந்தத் தடுமாறும் தங்கமீனை நினைவூட்டினால் போதும்.

வன்னிக் காட்டில் வெங்கிணாந்தி பிடித்து வந்து இப்படி நிறம் மாற்றி வளர்க்கலாமா? (வாசகர், பரந்தன்)

கூடாது. இலங்கையின் மலைப்பாம்பாகிய வெங்கிணாந்தி, 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்படும் உயிரினம். பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். வெளிநாட்டுப் பாம்பையும் அனுமதியின்றிக் கொண்டுவர இயலாது. வயலில் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சட்டத்தை ஒருபுறம் வைத்தாலும், பிடித்த பாம்பை ‘நிறம் மாற்ற’ எவராலும் முடியாது. விகாரம் இயற்கையில் தற்செயலாகத் தோன்றவேண்டும். வளர்ப்போர் செய்வது அதனைப் பேணிச் சேர்ப்பது மட்டுமே.

கோழி முட்டையை அடைவைத்தால் நாளாந்தம் புரட்டுகிறோம். பாம்பு முட்டைக்கும் அப்படியா? (கோழி வளர்ப்பவர், புத்தூர்)

நேரெதிர். பாம்பின் கரு முட்டையினுள் மேற்புறமாக ஒட்டி வளர்வதால், பின்னர் புரட்டினால் அது இறந்துபோகக்கூடும். எனவே முட்டைகளை அடைகாக்கும் பெட்டிக்கு மாற்றுவோர் ஒவ்வொரு முட்டையின் மேற்பக்கத்திலும் பென்சிலால் அடையாளமிட்டு, இட்ட நிலையிலேயே வைப்பர். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட முட்டைகளைப் பிரிப்பதுமில்லை. ஓடு தோல்போல் மென்மையானது. ஈரப்பதன் குறைந்தால் குழிவிழும். 31 முதல் 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 55 முதல் 60 நாட்களில் பொரிக்கும். காட்டில் இவ்வேலையைத் தாயே முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு செய்கிறது.

குட்டி ஓட்டைக் கிழித்தவுடன் வெளியே வருவதில்லை. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாளேனும் உள்ளேயே கிடந்து, மஞ்சட்கருவின் எச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது இழுத்து எடுக்கலாகாது. ஓரிரு வாரத்தில் முதற் தோலை உரித்தபின்னரே அதன் நிறம் தெளிவாகத் தெரியும். முதல் எலிக்குஞ்சையும் வழக்கமாக அதன் பின்னரே உண்ணும்.