கவுன்சிலரின் சாதனைப் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: சென்னையில் குடியிருக்கிறோம். எங்கள் வார்டு கவுன்சிலர் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார். நடைபாதைகள், தெருவிளக்குகள், ஒரு சிக்னல் எல்லாம் அவர் கொண்டுவந்தவையாம். ஆனால் என் அம்மா இன்றும் பேருந்து நிறுத்தத்துக்குச் சாலையில் இறங்கித்தான் நடக்கிறார். இதில் எவ்வளவு உண்மை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் துண்டறிக்கையில் உள்ள ஒவ்வொரு பணிக்கும் எந்த ஆண்டு, யாருடைய பணம் என்று கேளுங்கள். சென்னையில் 2016 அக்டோபரில் கலைந்த மாமன்றம் 2022 மார்ச்சில்தான் மீண்டும் கூடியது. இடைப்பட்ட காலத்தில் நிர்வாகம் அதிகாரிகளிடம் இருந்தது. எல்லோரும் உதாரணம் காட்டும் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் திறக்கப்பட்டது. அன்று இந்த நகரத்தில் கவுன்சிலர் என்று ஒருவர்கூடப் பதவியில் இல்லை. உங்கள் தெரு நடைபாதையின் தேதியைப் பார்த்தாலே துண்டறிக்கையில் சில வரிகள் உதிர்ந்துவிடலாம்.

அடுத்து, சாலை யாருடையது என்று பாருங்கள். உட்புறத் தெருக்கள் மண்டல அலுவலகத்தின் பொறுப்பு. பேருந்து செல்லும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை உண்டு. சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. சிக்னல் எங்கே வேண்டும் என்பதில் போக்குவரத்துக் காவல் துறையின் சொல்தான் எடுபடும். நெடுஞ்சாலைத் துறையின் அலட்சியத்துக்குக் கவுன்சிலரைத் திட்டுவது நியாயமில்லை. அத்துறை போட்ட நடைபாதைக்கு அவர் மாலை வாங்கிக்கொள்வதும் நியாயமில்லைதான்.

அவர் கையில் உண்மையாகவே இருப்பவை மூன்று: வார்டு மேம்பாட்டு நிதி, மாமன்றத்தில் பேசும் உரிமை, வார்டு குழுவின் தலைமை. மூன்றுக்கும் காகிதம் உண்டு. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் நடைபாதை இல்லை?" என்று கேட்காதீர்கள், கருத்துக்குப் பதில் தர இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: 2022 முதல் வார்டு மேம்பாட்டு நிதியில் நடந்த பணிகளின் பட்டியல், பணி ஆணை, முடிந்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் நகல், உங்கள் வார்டு பற்றி மாமன்றத்தில் அவர் எழுப்பிய கேள்விகள் உள்ள கூட்டக் குறிப்புகள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அம்மாவோடு நடந்து பாருங்கள். சாலை வடிவமைப்புக்கு நெறி வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் நெறிமுறைப்படி, தடையே இல்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். நடைபாதையின் விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் பல இடங்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். அது முழங்கால் உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்காகச் சரிவு போட்டிருப்பதால் இருபது அடிக்கு ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். மின்வாரியத்தின் பில்லர் பெட்டி நிற்கும் இடத்தில் அளந்து பாருங்கள். அளவுப் புத்தகத்தில் இரண்டு மீட்டர் என்று எழுதியிருக்கும் நடைபாதையில் அங்கே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். மூட்டுவலி உள்ளவர்கள் சாலையில் நடப்பது பிடிவாதத்தால் அல்ல.

தெருவிளக்கின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்த மாட்டேன். வெளிச்சம் மரக்கிளையில் விழுகிறதா, நடைபாதையில் விழுகிறதா என்று இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். விளக்கு மாநகராட்சியின் சொந்தப் பொறுப்பு. இதில் கவுன்சிலருக்குச் சாக்குச் சொல்ல இடம் குறைவு. மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு வந்த விளக்குப் புகார்கள் எத்தனை நாளில் முடிக்கப்பட்டன என்பதையும் மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.

ஆக்கிரமிப்பை அகற்றியதாகத் துண்டறிக்கை சொன்னால், யாரை அகற்றினார்கள் என்று விசாரியுங்கள். பூக்காரம்மாவை விரட்டுவது எளிது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. துணிக்கடை நடைபாதையில் நிறுத்தும் இருசக்கர வாகனங்களை அகற்றச் சொல்லிக் குரல் கொடுத்தாரா என்பதே நல்ல சோதனை.

'விபத்து குறைந்தது' என்ற வரியை மட்டும் எச்சரிக்கையாகப் படியுங்கள். ஒரு வார்டின் எண்ணிக்கை மிகச் சிறியது. ஓர் ஆண்டு மூன்று, மறு ஆண்டு ஒன்று என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதோடு, உங்கள் அம்மா போன்றவர்கள் அந்தச் சாலையைக் கடப்பதையே விட்டுவிட்டாலும் கணக்கு குறையும்.

இவ்வளவும் கையில் வந்தபின், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று கூறியிருக்கிறது. கோவை மருத்துவர் ஒருவர் தொடர்ந்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் வந்தது அது. அதை மனுவின் முதல் வரியிலும், உங்கள் நாடா சொன்ன அளவுகளை அதன் கீழேயும் எழுதிக் கொடுங்கள். கூட்டப் பதிவேட்டில் உங்கள் மனு ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.