வீட்டில் ஆள் இருக்கும்போதே "டோர் லாக்டு" என்று தபால் திரும்பிப் போனால்?

கேள்வி: ஐயா, எங்களுடையது தென் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். என் டிரைவிங் லைசென்ஸை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியதாக மெசேஜ் வந்தது. பத்து நாள் காத்திருந்துவிட்டு டிராக்கிங்கில் பார்த்தால் ஒருநாள் "டோர் லாக்டு", மறுநாளும் அதேதான், அதற்கடுத்த நாள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பியாச்சு என்று காட்டுகிறது. அம்மா நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்துதான் பீடி சுற்றுகிறார், போஸ்ட்மேன் வரவே இல்லை என்கிறார். தபால் ஆபீசில் கேட்டால் "வந்தா தராம இருப்போமா" என்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைகூட எங்கள் ஊருக்குக் கல்யாணம் முடிந்த பிறகுதான் வருகிறது. யாரிடம் புகார் செய்வது, செய்தால் பலன் உண்டா?

பதில்: பலன் உண்டு தம்பி. ஆனால் நீங்கள் கேட்ட விதம் சரியில்லை. கவுன்டரில் போய் "ஏன் வரவில்லை" என்று கேட்டால் "வந்தா தராம இருப்போமா" என்றுதான் பதில் வரும். அந்தக் கவுன்டருக்கு உள்ளே முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான், நானும் அதையே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கேட்க வேண்டியது, "இன்ன நம்பர் தபால் இன்ன தேதியில் யார் கையில் இருந்தது?" என்று. அதற்கு ரெக்கார்டு உண்டு, மழுப்ப முடியாது.

முதலில் லைசென்ஸைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸும் ஆர்.சி.யும் ஸ்பீடு போஸ்ட்டில்தான் அனுப்புகிறார்கள். பட்டுவாடா ஆகாமல் திரும்பினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடும், அங்கே போய் நின்றாலும் கையில் தரமாட்டார்கள், மறுபடி தபாலில் அனுப்புவதுதான் ஏற்பாடு. அதனால் விண்ணப்ப எண், தபால் எண், சரியான முகவரி மூன்றையும் எழுதி அங்கே ஒரு மனு கொடுங்கள், உறையும் தபால்தலையும் வைக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருக்கும் லைசென்ஸைக் காட்டினால் போதும், சோதனையில் அது செல்லும்.

இனி அந்த "டோர் லாக்டு" சமாச்சாரம். காலையில் டெலிவரி ஆபீசுக்கு மெயில் பை வந்ததும் சீலை உடைத்துக் கொட்டி பீட் வாரியாக, அதாவது ஒவ்வொரு போஸ்ட்மேன் சுற்றும் பகுதி வாரியாகப் பிரிப்பார்கள். போஸ்ட்மேன் தன் பீட் தபாலைத் தான் நடக்கிற வரிசையிலேயே தெரு தெருவாக அடுக்கிக்கொள்வார். நம்பர் போட்ட தபால் எல்லாம் அவர் பெயரில் கணக்கில் ஏறிவிடும், சாயங்காலம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும், கொடுத்தேன் அல்லது இன்ன காரணத்தால் கொடுக்கவில்லை என்று. "எனக்கு நேரம் போதவில்லை" என்று எழுத யாருக்கும் தைரியம் வராது. நான் இருந்த ஒரு ஆபீசில் ஆறு பீட், ஆள் நாலு. கடைசித் தெருவுக்குப் போகாமலே ஒருவர் திரும்பி வருவார், பையில் ஏழெட்டுத் தபால் மிச்சம் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: வீடு பூட்டு. யாரும் வந்து மறுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் நிலைமை இன்னும் மோசம், அங்கே இருக்கும் ஜி.டி.எஸ். (கிராமின் டாக் சேவக் என்கிற கிராமத் தபால்) ஊழியருக்குக் கணக்குப்படி நாலு அல்லது ஐந்து மணி நேர வேலைக்குத்தான் சம்பளம், அதற்குள் பை வாங்கி, இரண்டு மூன்று ஊர் சுற்றி, சேமிப்புக் கணக்குப் பணமும் வாங்கிப் போட வேண்டும். இதையெல்லாம் அவர் பக்க நியாயமாகச் சொல்கிறேன், பொய்க் காரணம் எழுதியது சரி என்று சொல்லவில்லை.

அது பொய் என்று எப்படிக் காட்டுவது? டிராக்கிங் பக்கத்தைத் திறந்து தேதியை மட்டும் பார்க்காமல் மணியைப் பாருங்கள். உங்கள் தெருவுக்குப் போஸ்ட்மேன் வழக்கமாக வருவது மதியம் பன்னிரண்டு மணி என்றால், "டோர் லாக்டு" பதிவானது மாலை ஐந்தே முக்காலுக்கு என்றால், அது வீட்டு வாசலில் நின்று போட்ட பதிவா என்று கேட்கலாம். மணியோடு ஆபீஸ் பெயரும் இருக்கும். அது உங்கள் கிளை அஞ்சலகத்தின் பெயரா, அல்லது அதற்கு மேலே இருக்கும் துணை அஞ்சலகத்தின் பெயரா? துணை அஞ்சலகத்திலேயே எழுதிவிட்டார்கள் என்றால் தபால் உங்கள் ஊர் எல்லையைத் தொட்டிருக்கவே வாய்ப்பில்லை, உங்கள் ஊர்க்காரரோடு சண்டை போட்டுப் பிரயோசனமும் இல்லை. அந்தப் பக்கத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பெரிய துருப்புச் சீட்டு. வீட்டில் ஆள் இல்லை என்றால் தகவல் சீட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும், தபாலை வழக்கமாக 7 நாள் ஆபீசில் வைத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் திருப்பி அனுப்ப வேண்டும். உங்களுக்குச் சீட்டும் இல்லை, மூன்றாம் நாளே திருப்பியாச்சு. அம்மா வீட்டில் இருந்தாரா இல்லையா என்பது வாய்ப்பேச்சாகப் போய்விடும், இதை அவர்கள் ரெக்கார்டே சொல்கிறது. சாதாரண ஸ்பீடு போஸ்ட்டை அந்த முகவரியில் இருப்பவரிடம் கொடுக்கலாம், லைசென்ஸ்காரர் நேரில் இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. (பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். உரியவர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் அனுப்புகிறவர் கூடுதலாகப் பணம் கட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும்.)

சரி, புகார். இந்தியா போஸ்ட் இணையதளத்தில் போடலாம், 1800 266 6868 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் அனுபவத்தில் அதிகம் வேலை செய்வது உங்கள் பகுதி அஞ்சல் கோட்டத்தின் கண்காணிப்பாளருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம்தான். அதில் அழுகை வேண்டாம், இருபது வருஷத்துக் கோபம் வேண்டாம், போஸ்ட்மேனைத் திட்டவும் வேண்டாம். இவ்வளவு போதும்: "இன்ன எண் ஸ்பீடு போஸ்ட், இன்ன தேதி இன்ன மணிக்கு டோர் லாக்டு என்று பதிவாகியுள்ளது. அந்த நேரம் வீட்டில் ஆள் இருந்தார்கள். போன் வரவில்லை, தகவல் சீட்டு தரவில்லை, 7 நாள் வைத்திருக்காமல் மூன்றாம் நாளே திருப்பப்பட்டுள்ளது. அன்று இந்தத் தபாலை எடுத்துச் சென்றவர் யார், எந்த அடிப்படையில் திருப்பப்பட்டது என்று விசாரித்து எழுத்தில் பதில் தரவும்." இப்படி ஒரு கடிதம் போனால் மெயில் ஓவர்சியரையோ உதவிக் கண்காணிப்பாளரையோ நேரில் அனுப்பித்தான் ஆக வேண்டும், அவர் உங்கள் அம்மாவிடமும் பக்கத்து வீட்டிலும் வாக்குமூலம் வாங்குவார். நான் பார்த்த வரை அதற்கப்புறம் அந்தத் தெருவுக்குத் தபால் தவறுவது குறைந்துவிடும்.

பதில் வரவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளத்தில் போடுங்கள், 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று ஒரு வரியில் மூடிவிட்டார்களா? அங்கேயே அப்பீல் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அஞ்சல் அதாலத் என்ற குறைகேட்புக் கூட்டம் நடத்துவார்கள், பத்திரிகையில் சின்னதாக அறிவிப்பு வரும், அதற்கு முன்கூட்டியே மனு அனுப்ப வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அந்தப் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரையும் அதே ஆபீசில்தான் வாங்க வேண்டும், என்ன செய்வது! "ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை என்று தட்டிவிடுவார்கள். ரெக்கார்டைக் கேளுங்கள்: அந்தத் தபால் ஆபீசுக்கு வந்த தேதி, கணக்கில் ஏறிய பீட் எது, அந்த நாள் டெலிவரிப் பட்டியலின் நகல்.

நஷ்டஈடு? அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்பீடு போஸ்ட் தாமதமானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், அதையும் அனுப்பியவர்தான் கேட்க வேண்டும், உங்கள் விஷயத்தில் அனுப்பியது அரசுத் துறை. 1898-ஆம் வருஷத்துச் சட்டம் தபால் தொலைந்தாலும் தாமதமானாலும் துறைக்குப் பொறுப்பில்லை என்று சொன்னது, 2024 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் புதுச் சட்டமும் பெரும்பாலும் அதே பாதுகாப்பைத் தருகிறது. ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ செய்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்கள் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைய வேண்டும். அதனால்தான் மணி, தேதி, ஸ்கிரீன்ஷாட் என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை வேறு கதை. நம்பர் இல்லாத தபாலுக்குத் தாயுமில்லை தகப்பனுமில்லை, போட்டதற்கே சாட்சி கிடையாது, முன்பு இருந்த "சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்"கையும் 2011-ல் நிறுத்திவிட்டார்கள். புக் போஸ்ட்டில், அதாவது உறையை ஒட்டாமல் குறைந்த கட்டணத்தில் போடும் பத்திரிகை இரண்டாம் வகுப்புத் தபால், பை நிறைந்துவிட்டால் அதுதான் காத்திருக்கும். ஊரில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மாதம் வருகிற உறைகளைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், முத்திரையில் தேதி இருக்கும், பின்பக்கம் கையில் கிடைத்த தேதியை எழுதுங்கள். இருபது உறை சேர்ந்தால் நகல் எடுத்துக் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். நாங்கள் ஒரு ஊர்ப் புகாரை இப்படித்தான் மதித்தோம், ஏனென்றால் உறைகளை வரிசையாக வைத்துப் பார்த்ததும் கிளை அஞ்சலகப் பை வாரத்தில் இரண்டு நாள் போகவே இல்லை என்று அவர்களுக்கு முன்னால் எங்களுக்கே தெரிந்துவிட்டது.

லைசென்ஸ் மறுபடி வருவதற்கு முன் உங்கள் முகவரியை ஒருமுறை பாருங்கள். ஆதாரில் வெறும் ஊர்ப் பெயரும் பின்கோடும்தானே இருக்கிறது? கிராமத்தில் ஒரே பின்கோடில் பத்துப் பதினைந்து கிளை அஞ்சலகம் இருக்கும், அதில் புதூர் இரண்டு, கீழூர் இரண்டு. "இன்ன அஞ்சல், இன்ன ஊர் வழி" என்று கிளை அஞ்சலகத்தின் பெயர் இல்லாவிட்டால் பை வேறு ஊருக்குப் போய்ச் சுற்றி வரும். வீட்டுக்காரர் பெயரும் போன் நம்பரும் உறைமேல் இருக்கட்டும். புதுத் தபால் எண் மெசேஜில் வந்ததும் தினம் பாருங்கள், துணை அஞ்சலகத்துக்கு வந்துவிட்டது என்று காட்டுகிற அன்று காலை ஒன்பதரைக்கு முன்னாலேயே, போஸ்ட்மேன் பையைத் தூக்குவதற்குள், ஆதாரை எடுத்துக்கொண்டு அங்கே போய் நின்றுவிடுங்கள். உங்கள் தபால் என்று சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார்கள்.