விரல்ரேகை பார்த்துக் கணக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். பள்ளியிலேயே 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டு விரல்ரேகைப் பரிசோதனை எடுத்தார்கள். அவன் ‘ஆந்தை’ ஆளுமையாம், ‘பார்த்துக் கற்பவன்’, கணக்குத் திறன் குறைவு, பதினொன்றில் காமர்ஸ் சேர்க்கலாம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. “எனக்குக் கணக்கு வராதுன்னு அதுலயே போட்டிருக்கே” என்று இப்போது கணக்குப் புத்தகத்தையே தொடுவதில்லை. கவுன்சலிங்குக்கு இன்னும் 12,000 கேட்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு தாய், ஈரோடு

பதில்: கட்டாதீர்கள் அம்மா. 4,500 போனது போகட்டும், அதன் பின்னாலேயே இன்னொரு 12,000 போக வேண்டாம்.

விரலில் உள்ள சுழியும் வளையமும் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, ஆறு மாதத்துக்குள் அமைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு உங்கள் மகனுக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வகுப்பில் வாய்ப்பாட்டைக் கோட்டைவிட்டான் என்பதெல்லாம் அந்தச் சுழிக்குத் தெரியாது. ரேகை ஆளை அடையாளம் காட்டும். பத்திரப்பதிவில் கைநாட்டு வாங்குவது அதற்குத்தான். இந்தப் பரிசோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே சொல்லிவிட்டது. ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஹோவர்டு கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயர் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். அறிவு ஒன்றல்ல, பல வகை என்று அவர் 1983-இல் முன்வைத்த பல்வகை நுண்ணறிவுக் கொள்கையில் விரல்ரேகைக்கு வேலையே இல்லை.

கழுகு, மயில், புறா, ஆந்தை என்று நாலு பறவை, வண்ண வண்ணமாக வட்ட வரைபடம், கடைசிப் பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படும் தொழில்கள்’. நான் பார்த்த ரிப்போர்ட்டுகள் எல்லாம் இந்த அச்சில்தான் இருந்தன. எங்கள் மையத்துக்கும் ஒரு ஏஜெண்ட் வந்தார். தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசினார். “உங்களுக்கு என்ன படிப்பு?” என்று கேட்டேன். இரண்டு நாள் பயிற்சியாம். முன்பு இன்சூரன்ஸ் பாலிசி விற்றுக்கொண்டிருந்தாராம். பள்ளி வளாகத்துக்குள் நடப்பதால் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள். இதைக் கேட்க வேண்டியவர்கள் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, ‘பார்த்துக் கற்பவன்’ விஷயம். பார்த்து, கேட்டு, படித்து எழுதி, செய்து என்று நாலாகப் பிரிக்கும் முறையை நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங் 1992-இல் பிரபலமாக்கினார். யாருக்கு எது பிடிக்கும் என்பது உண்மையிலேயே ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டுச் சொன்னார்கள். யோசித்துப் பாருங்கள்: வரைபடத்தில் காவிரியைக் குறிக்க எந்தப் பிள்ளையும் கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும். மனப்பாடச் செய்யுளை வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். இருபடிச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால்தான் வரும். எப்படிப் படிப்பது என்பதைப் பாடம்தான் முடிவு செய்கிறது.

‘ஆந்தை’ என்றால் உள்முகம், அதாவது தனக்குள்ளேயே ஒதுங்கி இருப்பவன் என்பார்கள். இதற்கு ரொம்ப நேரம் செலவழிக்க மாட்டேன். 34 எடுத்தவன் ஃபெயில், 35 எடுத்தவன் பாஸ் என்கிறோமே, அப்படிக் கோடு போட்டுப் பிரிப்பதுதான் இதுவும். மனிதர்களில் பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே கற்றல் குறைபாடு இருக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவான், 47-ஐ 74 என்று எழுதுவான், வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வான், பேப்பரில் எழுதச் சொன்னால் திணறுவான். முதலில் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் இரண்டு வருடம் ‘மந்தம்’ என்று பெயர் வாங்கிய பையனை நான் கண்ணாடி போட வைத்திருக்கிறேன். அதில் குறை இல்லை என்றால், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் உட்கார வைத்து வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லித்தான் சோதிப்பார், விரலை ஸ்கேன் செய்ய மாட்டார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு நடக்கும் நடையில் பையன் பன்னிரண்டாம் வகுப்பே முடித்துவிடுவான் போலிருக்கும். அதனால் பள்ளியில் இப்போதே எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் போய் நின்றால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அந்த அறிகுறிகள் தெரியவில்லை. ரிப்போர்ட்டை அலமாரி மேல் தூக்கிப் போடுங்கள். அவனுடைய கடைசி இரண்டு கணக்குத் தேர்வுத்தாள்களை எடுத்து, தப்பான கணக்குகளை அவனையே மறுபடி போடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. எந்த வரியில் நிற்கிறான் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பின்னம், குறி மாற்றம் என்று எட்டாம் வகுப்புச் சங்கதியில்தான் நிற்பார்கள். அந்தப் பட்டியலோடு கணக்கு ஆசிரியரைப் பாருங்கள். மற்ற பாடங்களுக்கு, ஒருமுறை படித்ததும் புத்தகத்தை மூடி, நினைவில் நிற்பதை எழுதச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட ஒரு வாரம் கழித்து இதுதான் அதிகம் நிற்கிறது என்று 2006-இல் சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

அப்புறம், அந்த 4,500-க்கு ரசீது கொடுத்தார்களா? யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.