இரண்டு இரவு பாயிண்ட் யாருக்கு வீண்?

கேள்வி: எனக்கு 31 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எம்.பி.ஏ. முடித்து, பெங்களூரில் ஒரு கன்சல்டிங் நிறுவனத்தில் (மற்ற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில்) நான்கு வருடமாக இருக்கிறேன். பிடித்தவை: சம்பளம். கெட்டிக்காரர்களோடு வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு புதுத் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம், அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மின்செலவைக் குறைக்கும் வேலை, இப்போது மும்பையில் ஒரு வங்கி. ரெஸ்யூமேயில் இந்தப் பெயருக்கு உள்ள மதிப்பு. பயணத்தில் தங்கத் தங்கச் சேரும் ஹோட்டல் பாயிண்ட், அதை வைத்துப் பிறகு இலவசமாகத் தங்கலாம். பிடிக்காதவை: திங்கள் விடியற்காலை ஃபிளைட் ஏறினால் வியாழன் ராத்திரிதான் திரும்ப முடியும். இரவு ஒரு மணிக்கு ஸ்லைடில் எழுத்தின் அளவை மாற்றச் சொல்வார்கள். குறித்த காலத்தில் பதவி உயர்வு வராவிட்டால் வெளியே போகச் சொல்வார்கள். நாங்கள் எழுதிக் கொடுப்பதில் பாதி கிளையண்டின் அலமாரியில் தூங்கும். சேர்ந்த பாயிண்டில் போன நவம்பரில் அப்பா அம்மாவை கோவாவில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு நாலு இரவு அனுப்பினேன். (ரூம் கார்டை எடுத்தால் கரண்ட் போய்விடுகிறது என்று ஒருவர் ரூமில் இருக்க, இன்னொருவர் மட்டும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம், அக்கா சொல்லிச் சிரித்தாள்! மூன்றாம் நாள் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள், இரண்டு இரவு பாயிண்ட் வீண்.) கல்விக்கடன் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்த வேலையில் இருப்பதா, விடுவதா?
— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்:

தம்பி, உங்கள் பட்டியல் எனக்கு மனப்பாடம். எழுதுகிறவரின் ஊர் மாறும், கிளையண்ட் மாறும், சில சமயம் இரவு ஒரு மணி என்பது இரண்டு மணியாகும், மற்றபடி இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கடிதத்தைத்தான் அனுப்புகிறார்கள். பாவம் தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மாட்டேன்.

உங்களுக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. மேலே ஒரு பார்ட்னர், அதாவது நிறுவனத்தின் பங்காளி, வேலையைப் பிடித்துக்கொண்டு வருகிறார், கீழே உங்களைப் போல நாலைந்து இளவட்டங்கள் அதை முடிக்கிறார்கள், கிளையண்ட் வாரக் கணக்கில் பெரிய தொகை கட்டுகிறான், அந்த வாரத்துக்குள் உங்களிடமிருந்து எவ்வளவு பிழிய முடியுமோ அவ்வளவும் நிறுவனத்துக்கு லாபம். உங்கள் சம்பளமும் அந்த ஒரு மணி ஸ்லைடும் இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். மேலே ஏறு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய் என்பதும் உங்கள் மேனேஜர் உங்கள்மேல் உள்ள கோபத்தில் கண்டுபிடித்ததில்லை. 1926-ல் சிகாகோவில் தொடங்கிய மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் 1930-களில் போய்ச் சேர்ந்த மார்வின் பவர் ஒரு வக்கீல். அமெரிக்க வக்கீல் அலுவலகங்களின் நடைமுறையை அவர்தான் இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தார். இந்த விதியும் அந்த வழியில் வந்து சேர்ந்ததுதான். இதெல்லாம் தெரிந்துதான் கேம்பஸில் வரிசையில் நின்றீர்கள். இதற்கு மேல் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஆனால் கடிதத்தின் நடுவில் ஒரு அடைப்புக்குறி போட்டிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோவாவில் காலை எட்டு மணி. கீழே நூறு பதார்த்தங்களோடு சாப்பாடு விரித்து வைத்திருக்கிறார்கள். அம்மா தனியாக லிஃப்டில் இறங்கிப் போய், எந்தத் தட்டை எடுப்பது, யாரிடம் காபி கேட்பது என்று தெரியாமல், தெரிந்த மாதிரி இருக்கும் இட்லியில் இரண்டை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். மேலே உங்கள் அப்பா அந்தக் கார்டுக்குக் காவல். அதை எடுத்தால் கரண்ட் போய்விடும், எதையோ கெடுத்துவிட்டோம் என்று யாராவது வந்து கேட்பார்களோ என்ற பயம். அம்மா திரும்பி வந்ததும் அவர் இறங்கிப் போகிறார், அவர் வரும்வரை அம்மா காவல். எத்தனையோ வருஷமாகச் சேர்ந்தே சாப்பிட்ட இரண்டு பேர், மகன் வாங்கிக் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தில் முறை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு இது சிரிப்பு!

வெளியே போகும்போது கார்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம், திரும்பி வந்து சொருகினால் எல்லாம் எரியும், வேண்டுமானால் ரிசப்ஷனில் கேட்டால் இன்னொரு கார்டு சும்மாவே தருவார்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். வாரத்தில் மூன்று இரவு அந்தக் கார்டோடு குடித்தனம் நடத்துகிறவர் நீங்கள். மின்செலவை எங்கே குறைக்கலாம் என்று, காலமெல்லாம் அந்தச் சிமென்ட் ஆலைச் சூளைப் பக்கத்திலேயே நின்று தலை நரைத்த மனிதர்களுக்கு ஸ்லைடு போட்டு விளக்கியவர் நீங்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த அரை நிமிடம் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று உங்களை நீங்கள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை, அதனால் நான் கேட்கிறேன். அவர் ஏன் உங்களுக்கு போன் செய்யவில்லை? ஊருக்கு வந்த பிறகும் இந்தக் கதையை அக்காவிடம் சொன்னவர் உங்களிடம் ஏன் சொல்லவில்லை? அவன் மீட்டிங்கில் இருப்பான், தொந்தரவு பண்ணக் கூடாது என்று அவர் பழகிவிட்டார். பெற்றவர்கள் இதைத் தாமாகப் பழகிக்கொள்வதில்லை. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுக் கூப்பிடாத ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கியிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த இரண்டு இரவு பாயிண்ட். அவர்கள் ஏன் மூன்றாம் நாளே கிளம்பினார்கள், உடம்புக்கு முடியவில்லையா, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, இரண்டு பேரும் ஏதாவது சண்டை போட்டுக்கொண்டார்களா, ஒரு வார்த்தை இல்லை கடிதத்தில். பாயிண்ட் வீண் என்று மட்டும் இருக்கிறது. நல்ல மகன்தான் என்று உங்களைச் சொல்ல நாலு பேர் வருவார்கள், பெற்றவர்களைக் கோவாவுக்கு அனுப்ப வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும் என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. கோவா வேண்டும் என்று அவர்களா கேட்டார்கள்? நான் பந்தயம் கட்டுகிறேன், கேட்டிருந்தால் திருச்செந்தூர் போய் ஒரு ராத்திரி தங்கிச் சாமி கும்பிட்டு வரலாம், நீயும் வா என்றுதான் சொல்லியிருப்பார்கள். திருச்செந்தூருக்கு உங்கள் பாயிண்ட் செல்லாது, நீங்களே போக வேண்டும், அதுதான் சிக்கல்.

நாங்கள் எழுதிக் கொடுப்பதில் பாதி அலமாரியில் தூங்குகிறது என்று வருத்தப்பட்டிருக்கிறீர்களே, அது ஏன் என்று இந்தக் கோவா கதையிலேயே இருக்கிறது. பிரச்சினை என்ன என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள், தீர்வையும் நீங்களே எழுதுகிறீர்கள், அது அந்த ஆட்களுக்கு ஒத்துவருமா என்று கூட இருந்து பார்க்காமல் வியாழக்கிழமை ஃபிளைட் ஏறிவிடுகிறீர்கள். கிளையண்ட் அதற்குக் காசு கொடுக்கிறான், எப்படியோ போகட்டும். வீட்டிலும் அதே வேலையா?

2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் பேச்சு வெளியானது, 90 மணி, ஞாயிற்றுக்கிழமையும் வரச்சொல்ல முடியவில்லையே என்று வருத்தம், வீட்டில் எவ்வளவு நேரம் மனைவி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் ஒரு கேள்வி. உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் கொதித்தீர்கள், நீங்களும் நாலு மீம் அனுப்பியிருப்பீர்கள். சரி. வெள்ளி ராத்திரி, சனி, ஞாயிறு என்று உங்கள் கையில் இருக்கும் நேரத்தை யார் பிடுங்கினார்கள்? அதில் எத்தனை ஞாயிறு கோவில்பட்டியில் கழிந்தது என்று உங்கள் கடிதம் சொல்லவில்லை, சொல்லாததிலிருந்தே தெரிகிறது.

பெற்றவர்களுக்குச் செய்வதை மிச்சத்தில் செய்யக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான், பழைய பஞ்சாங்கம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கல்விக்கடன் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இணைக் கடன்தாரர் என்ற இடத்தில் உங்கள் அப்பாவின் கையெழுத்து இருக்கும், பெற்றோர் கையெழுத்து இல்லாமல் வங்கிகள் லேசில் தருவதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் வாழ்ந்த மனிதர், தன் ஆயுளில் பார்த்திராத ஒரு தொகைக்குக் கீழே பெயரெழுதினார். நீங்கள் படிப்பைப் பாதியில் விட்டிருந்தால் அவருக்கு எத்தனை இரவு வீணாகியிருக்கும் என்று அன்றைக்கு அவர் கணக்குப் பார்க்கவில்லை, கணக்கே தொழிலாக இருந்தவர்.

இனி உங்கள் கேள்வி. வேலையை இப்போது விடாதீர்கள். கடன் முடியட்டும், அவர் பெயரும் அந்தப் பத்திரத்தில் இருக்கிறது. அதைவிட முக்கியம், இன்றைக்கு விட்டால் ஆறு மணிக்கு வீடு திரும்பும் ஒரு கார்ப்பரேட் வேலைக்குப் போவீர்கள், மிச்சமாகும் நேரத்தில் ஜிம்முக்கும் இன்னொரு சர்டிஃபிகேட்டுக்கும் போவீர்கள், அப்பா அம்மாவை அடுத்து பாலிக்கு அனுப்புவீர்கள். நேரம் இல்லாததால் வந்த வினையாக எனக்கு இது தெரியவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வியாழன் ராத்திரி மும்பையிலிருந்து பெங்களூருக்குப் போடும் டிக்கெட்டை, கட்டணம் கூடாத பட்சத்தில் வேறு ஊருக்குப் போட்டுக்கொள்ளப் பல கன்சல்டிங் நிறுவனங்களில் வழி உண்டு. உங்கள் நிறுவனத்தில் கேளுங்கள், மதுரைக்குப் போடுங்கள், அங்கிருந்து கோவில்பட்டி இரண்டு மணி நேரம். மாதத்தில் ஒரு வாரமாவது வெள்ளிக்கிழமை வேலையை வீட்டிலிருந்து செய்யுங்கள். ஒரு ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும்வரை பெஞ்சில் இருக்கிற நாட்களை பெங்களூர் ஃபிளாட்டில் தூங்கிக் கழிக்காதீர்கள். அடுத்த ப்ராஜெக்ட் சென்னையிலோ மதுரைப் பக்கமோ வேண்டும் என்று ஆள் ஒதுக்குகிறவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், நடுவில் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள், முதலிலேயே கேட்டவருக்குப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் போன் வந்தால் எடுங்கள், பார்ட்னர் எதிரில் இருந்தாலும் எடுங்கள், அவரும் யாரோ ஒருவரின் மகன்தான், செத்துப்போக மாட்டார்.

ஊருக்குப் போனால் எதையும் வாங்கிக்கொண்டு போக வேண்டாம். ஏன் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று கேளுங்கள். "சும்மாதான்ப்பா, அங்க என்ன இருக்கு" என்பார் அப்பா. அந்த பதிலோடு எழுந்து லேப்டாப்பைத் திறக்கப் போகாதீர்கள். உட்கார்ந்திருங்கள், போரடிக்கும், அம்மா அதே பக்கத்து வீட்டுக் கதையை மூன்றாவது தடவை சொல்வார், டிவி சத்தமாக ஓடும், இருங்கள். கார்டு விஷயத்தை அவரே சொல்வார், அப்போது சிரிக்கலாம், அவரோடு சேர்ந்து.

இருப்பதா விடுவதா என்பதை அடுத்த அப்ரைசல் முடிந்த பிறகு எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பொங்கல் வருகிறது. மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் பெங்களூரில் ராத்திரி ஏறினால் காலையில் கோவில்பட்டியில் இறங்கலாம். முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான், காலை எட்டு மணிக்குத் திறந்து சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அந்த நேரத்துக்கு மீட்டிங் எதுவும் வைக்காதீர்கள்.